வாய் மேடமும் கை மேடமும்

அந்த மறுவாழ்வு மையத்தில் மனிதனைப் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். தலையில் அடிபட்டு, மூளை பாதிக்கப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்து வருகிறவர்களை வாசலிலேயே பிரித்துக்கொள்வார்கள். கால் பிசியோதெரபிஸ்டுக்கு. சட்டைப் பொத்தான் போடுவது, பல் தேய்ப்பது, டீ கலப்பது என்று கை செய்கிற அன்றாட வேலையெல்லாம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு. வாய் ஸ்பீச் தெரபிஸ்டுக்கு. நாக்கு புரளாமல் வந்திருக்கும் நோயாளிகளிடம் போய் இத்தனை நீளப் பெயர்களைச் சொல்லச் சொன்னால் நடக்குமா? அவர்கள் சுருக்கிவிட்டார்கள்: கால் சார், கை மேடம், வாய் மேடம். முழு மனிதன் யார் பொறுப்பு என்று யாரும் கேட்டதில்லை. வீட்டுக்காரர்கள் பொறுப்பு என்று நினைத்திருக்கலாம்.

வாய் மேடம் ஒரு காலத்தில் செய்தி வாசிப்பாளராக ஆசைப்பட்டவள். பள்ளிக்கூடத்திலேயே வாயாடி என்று பெயர் வாங்கியவள். இவள் இருக்கும்போது வீட்டுக்கு எதற்கு ரேடியோ என்று அப்பா கேட்பார். குரல் தேர்வுக்குப் போன அன்று, பிறந்ததிலிருந்து ஓயாத அந்த வாய், மைக்குக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்ததும் ஓய்ந்துவிட்டது. "வணக்கம்" வரை வந்தது. அதற்கப்புறம் வெறும் காற்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்த அப்பா ஒரு கல்லூரி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"வாய் வேலைதானே வேணும் உனக்கு? இதுவும் வாய் வேலைதான்மா. என்ன, அடுத்தவங்க வாய்."

வேண்டா வெறுப்பாகச் சேர்ந்த படிப்பு அவளுக்கு அபாரமாக வந்தது. ஒரு நோயாளியிடமிருந்து ஒற்றைச் சொல்லை வரவழைக்க, சிரித்த முகம் மாறாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள். வீட்டில் மட்டும் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாள். அவர்கள் நோயாளிகள் இல்லையே.

கை மேடமும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வாடி, போடி என்று ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். மத்தியானச் சாப்பாடு ஒன்றாக, பஸ் ஒன்றாக, மேலதிகாரிகளைத் திட்டுவதும் ஒன்றாக. இவ்வளவு நல்ல சிநேகிதியை வெளியில் விட மனசில்லாமல், வாய் மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த தன் அண்ணனுக்கே பேசி முடித்து வைத்தாள். கல்யாணம் முடிந்த மறுநாள் அம்மா கூப்பிட்டுச் சொன்னாள்: "இனிமே என்ன டி போட்டுப் பேச்சு? அண்ணின்னு கூப்பிடு. வாங்க, போங்கன்னு சொல்லு."

மரியாதை முன்வாசல் வழியாக வந்தது. சிநேகிதம் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கூடத்தில் வாய் மேடம் ஏதோ ஒரு கதையை மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் அண்ணி அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"உங்க பொண்ணு ஊருக்கெல்லாம் பேசக் கத்துக்குடுக்குறா. நிறுத்த மட்டும் யார்கிட்டயாவது கத்துக்கிட்டா தேவலை."

அண்ணி சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். அம்மா சிரித்துவிட்டாள். அதுதான் நெஞ்சில் தைத்தது. அன்றைக்கு நிறுத்தியவள் நிறுத்தியவள்தான். வருஷக்கணக்கில் அண்ணியிடம் ஒரு வார்த்தை இல்லை. அண்ணியும் சளைத்தவள் அல்ல. "அவங்ககிட்ட சொல்லிடுங்க", "இவங்க கேட்டாங்கன்னு சொல்லு" என்று இரண்டு பக்கத்துச் சேதிகளையும் சுமந்து அண்ணன் அலுத்துப்போனான்.

மையத்தில் அவர்கள் அறைகள் எதிரும் புதிருமாக இருந்தன. நடுவில் ஒரு நடைபாதை. அதை இருவருமே தாண்டியதில்லை. நிர்வாகத்துக்கு அது சண்டை என்றே தெரியவில்லை. வேலைப் பிரிவினை ஒழுங்காக நடக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமை மருத்துவர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். அங்கே அவர் பாதி நாள் ஊர் சுற்றியிருக்கிறார். மீதி நேரத்தில் உட்கார்ந்து கேட்ட ஒரே ஒரு உரை அவரைப் பிடித்து ஆட்டிவிட்டது. திரும்பி வந்த அன்றே எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார்.

"இனிமே தனித்தனி வேலை கிடையாது. ஒரு நோயாளி, ஒரு அறை, ரெண்டு தெரபிஸ்ட். ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தர் கத்துக்கணும். கூட்டு முயற்சி!"

கால் சார் உடனே எழுந்து, நடைப் பயிற்சிக் கம்பிகள் தரையோடு பதித்தவை, அவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கும் வரமுடியாது என்று நழுவிக்கொண்டார். மிச்சம் இருந்தவர்கள் இருவர்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க வேற. பிரமாதம்!" என்றார் தலைமை மருத்துவர்.

அவர்களுக்கு முதலில் கிடைத்த நோயாளி டிரைவிங் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எத்தனையோ கற்றுக்குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவருக்கு ரோட்டில் ஒரு கீறல் விழுந்ததில்லை. தன் டிரைவிங் ஸ்கூலுக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்ட ஏணியில் ஏறி, அங்கிருந்து விழுந்தார். இடது பக்க மூளையில் அடி. வலது கையும் காலும் துவண்டுவிட்டன. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது.

"பிரேக்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் பிரேக்தான், பாத்ரூம் போகவேண்டுமென்றாலும் பிரேக்தான். கட்டிய மனைவியையும் அப்படித்தான் கூப்பிட்டார். "இத்தனை வருஷத்துல என்னை நிறுத்தாத மனுஷன், இப்ப நாள் பூரா நிறுத்துறார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

கூட்டுப் பயிற்சி நடந்த இடம் பயிற்சிச் சமையலறை. ஒரு அடுப்பு, ஒரு மேசை, மேலே ஒரு அலமாரி. முதல் நாள் இரண்டு பெண்களும் மாஸ்டருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"மாஸ்டர், இந்த டிரே என் அட்டைங்களுக்கு இடைஞ்சலா இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க," என்றாள் வாய் மேடம்.

"மாஸ்டர், டிரே இங்கதான் இருக்கும்னு சொல்லிடுங்க," என்றாள் கை மேடம்.

பேச்சிழந்த மனிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் செய்துவந்த வேலை கடைசியில் இவர் தலையில் வந்து விடிந்திருந்தது.

வாய் மேடம் படம் போட்ட இரண்டு அட்டைகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் கப், ஒன்றில் கரண்டி. "கரண்டி எது?" மாஸ்டர் கப்பைக் காட்டினார். மாற்றி வைத்தாள். "கப் எது?" கரண்டியைக் காட்டினார். இதற்கு முன் தன் அறையில் தனியாகப் பயிற்சி கொடுத்தபோதும் வாரக்கணக்கில் இப்படித்தான். எப்போதும் இடது பக்கத்து அட்டையையே தொடுவார். கேட்பது பாதிதான் புரிகிறது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

கை மேடம் மூக்கால் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்று வாய் மேடம் அலமாரியைப் பார்த்துக் கேட்டாள்.

கை மேடம் மாஸ்டரிடம் பதில் சொன்னாள். "மாஸ்டர், உங்க வலது பக்கத்துல ஒரு அட்டை இருக்கு. அது உங்க கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு வலது பக்கம் பாதிப் பார்வை போயிடுச்சு. அது எனக்குத் தெரியும். உங்க மனைவிக்குத் தெரியும். கூட்டுற அம்மாவுக்குக்கூடத் தெரியும். தெரிய வேண்டியவங்களுக்குத்தான் தெரியல."

வாய் மேடத்துக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. அட்டைகளை இடது பக்கமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள். கரண்டி? காட்டினார். கப்? காட்டினார். சாவி, செருப்பு, சீப்பு, எல்லாவற்றையும் பட்பட்டென்று காட்டினார். காட்டி முடித்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையில், இதற்கா இவ்வளவு நாள் என்ற கேள்வி இருந்தது. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீறாப்புக்கு அந்த மனிதர் வாரக்கணக்கில் ஃபெயில் மார்க் வாங்கியிருக்கிறார். மறுநாள் காலை நடைபாதையைத் தாண்டிப் போய் எதிர் அறை வாசலில் நின்றாள்.

"மாஸ்டரைப் பத்தி எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்கு?"

கை மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கண்ணாடியைக் கழட்டுங்க."

வாய் மேடத்தின் மூக்குக்கண்ணாடியை வாங்கி, இரண்டு வில்லைகளிலும் வலது பாதியை மறைத்துக் காகிதம் ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப ஒரு நடை போயிட்டு வாங்க." போனாள். கதவு நிலையில் தோள் இடித்தது. எதிரே வந்த கால் சாரை மோதினாள். கண்ணெதிரே இருந்த டீயைக் காணோம் என்று தேடினாள். இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்த கை மேடத்தின் முகத்தில் பாடம் நடத்தும் திருப்தி மட்டும் இருந்தது என்று சொல்லமுடியாது.

"இப்ப என் முறை," என்றாள் வாய் மேடம். "நான் சொல்றதைச் செய்யுங்க." என்று ஆரம்பித்து, எந்த மொழியிலும் இல்லாத சத்தங்களைக் கோர்த்து ஒரு நீண்ட வாக்கியம் பேசினாள். நடுவில் எங்கோ "பேனா" என்ற ஒரு சொல் மட்டும் எட்டிப்பார்த்துவிட்டு ஓடிப்போயிற்று. கை மேடம் பேனாவை எடுத்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். வாய் மேடம் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொன்னாள்.

"ஏன் கத்துறீங்க? தலை சுத்துது!"

"நீங்க மாஸ்டர்கிட்ட இப்படித்தான் பேசுறீங்க. 'கெட்டில்ல தண்ணி பிடிச்சு அடுப்புல வைங்க, அதுக்கு முன்னாடி டீத்தூள் டப்பாவை எடுத்துக்கங்க'ன்னு மூச்சுவிடாம சொன்னா, அவருக்கு அதுல ஒண்ணுதான் போய்ச் சேரும். அவர் சும்மா உட்கார்ந்திருந்தா அது சோம்பல் இல்ல."

சோம்பல் என்ற சொல்லைக் கை மேடம் அதற்கு முந்தின வாரம்தான் மாஸ்டரின் மனைவியிடம் சொல்லியிருந்தாள். அவள் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள்.

அதன் பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நினைத்தால் தப்பு. அடுத்த கூட்டுப் பயிற்சியிலேயே பெரிய சண்டை. மாஸ்டர் டீ போட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி" என்றால் தண்ணீர் பிடித்தார். "அடுப்பு" என்றால் அடுப்பில் வைத்தார். அதுவரை எல்லாம் சுமுகம். கெட்டிலைத் தூக்கும்போது அந்தச் சொல்லை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும், கையில் பொருள் இருக்கும்போதுதான் பேர் நாக்குக்கு வரும் என்றாள் வாய் மேடம். கொதிக்கிற தண்ணீர் கையில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்கக்கூடாது என்றாள் கை மேடம்.

"உங்களுக்கு எப்பவும் பேசாம இருக்கறதுதான் பிடிக்கும்," என்றாள் வாய் மேடம்.

"உங்களுக்கு எப்பவும் பேசிக்கிட்டே இருக்கறது பிடிக்கும்."

"தெரியுமே. நிறுத்தக் கத்துக்கணும். அதானே? அன்னிக்கு அடுப்படியில நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு."

"விழட்டும்னுதான் சொன்னேன்."

"எங்கம்மாகிட்டயா?"

"வேற யார்கிட்ட சொல்ல? என் ஃபிரெண்டுகிட்டயா? அவளைத்தான் நான் கல்யாணம் பண்ணதோட தொலைச்சுட்டேனே!"

"பிரேக்!"

மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது உள்ளங்கையை இருவருக்கும் நடுவில் நீட்டியிருந்தார். ரோட்டில் திடீரென்று மாடு குறுக்கே வந்தால் கற்றுக்குட்டியிடம் போடுகிற அதே அதட்டல். இருவரும் கப்சிப் என்று அடங்கினார்கள்.

முதலில் விளங்கியது வாய் மேடத்துக்குத்தான். "அண்ணி... அவர் நிறுத்தச் சொல்றார்."

"நாம சண்டை போட்டா சொல்லமாட்டாரா?"

"இல்ல அண்ணி, புரியுதா? பிரேக்குன்னா பிரேக்! தண்ணிக்குச் சொல்லல, பாத்ரூமுக்குச் சொல்லல. அந்த வார்த்தையை அதோட அர்த்தத்துலயே சொல்லியிருக்கார்!"

கை மேடத்தின் வாய் திறந்து அப்படியே நின்றது. மாஸ்டருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. "பிரேக்" என்று மறுபடி மெதுவாகச் சொல்லி ருசி பார்த்தார். அது சரிதானா என்று பார்க்கவேண்டுமே என்று, பயிற்சிக்காகவே இன்னொரு முறை சண்டை போட்டுப் பார்த்தார்கள். பொய்ச் சண்டைக்கு அவர் மசியவில்லை. சிரித்தார்.

அதற்குப் பிறகு வாய் மேடம் சொன்னபடி கையில் பொருளைக் கொடுத்துப் பேர் கேட்டார்கள். கை மேடம் சொன்னபடி, சூடான எதுவும் கையில் இல்லாதபோது மட்டும் கேட்டார்கள். டீ வந்தது, பால் வந்தது. கரண்டி வர ரொம்ப நாள் பிடித்தது. அதுவரை அவர் வாயில் அது "கண்ணாடி"யாகவே இருந்தது. ஒருநாள் மேல் அலமாரியில் இருந்த டப்பாவை எடுக்கிறேன் பேர்வழி என்று யாரையும் கேட்காமல் மாஸ்டர் எழுந்துவிட்டார். வலது கால் ஏமாற்றிவிட்டது. உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது. வாய் மேடம் நின்றதோ இந்தப் பக்கம்.

"ஏய், பிடிடி!"

கை மேடம் பாய்ந்து அவர் இடுப்பை அணைத்துப் பிடித்து, மெல்ல இறக்கித் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். வாய் மேடமும் உட்கார்ந்தாள். மூன்று பேரும் தரையில்.

"இப்ப என்ன சொன்னீங்க?" என்றாள் கை மேடம், மூச்சு வாங்கிக்கொண்டே.

"பிடிங்க அண்ணின்னு சொன்னேன்."

"அப்படியா? என் காதுல வேற மாதிரி விழுந்துச்சு."

மாஸ்டர் கையைத் தட்ட முடியாமல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன வாக்கியம் பேசுகிற அளவுக்குத் தேறியிருந்தார். ஒற்றைக் கையால் டீ போட்டார். "கழனித்தண்ணி மாதிரிதான் இருக்கு, ஆனா அவர் போட்டது," என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். காரை அவர் மறுபடி ஓட்டவில்லை. அது கை மேடத்துக்கும் வாய் மேடத்துக்கும் ஆரம்பத்திலேயே தெரியும். அவரிடம் சொல்கிற வேலையை மட்டும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்துவிட்டு, கடைசியில் சேர்ந்து போய்ச் சொன்னார்கள். அவர் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி" என்றார். அவர்கள் சொல்லிக்கொடுக்காத சொல் அது. டிரைவிங் ஸ்கூலை இப்போது அவர் மனைவி நடத்துகிறாள்.

தலைமை மருத்துவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாநாட்டில் மாஸ்டரின் கதையைத் தன் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். வெளியூர் மையம் ஒன்று, கூட்டு முயற்சி பற்றிப் பாடம் எடுக்க அந்த இரு பெண்களையும் அனுப்பும்படி கேட்டது. போனார்கள். மேடையில் மைக் வைத்திருந்தார்கள். முதலில் வாய் மேடத்தின் முறை. "வணக்கம்" என்றாள். அதோடு நின்றது. கை மேடம் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, பாதிப் பார்வையையும் ஒட்டுக் காகிதத்தையும் பற்றித் தனக்குத் தெரிந்ததைப் பேசினாள். பேசியது போதும் என்று தோன்றும்போது மைக்கைத் திருப்பி நகர்த்தினாள். அதற்குள் வாய் மேடத்துக்குக் குரல் வந்திருந்தது.

முடிவில் ஒரு இளம் மருத்துவர் எழுந்து கேட்டார்: "உங்களுக்குள்ள இவ்வளவு புரிதல் எப்படி வந்துச்சு?"

"நாங்க வேலைக்கு வெளியில பேசிக்கிறதே இல்ல," என்றாள் கை மேடம்.

அவள் உள்ளதைச் சொன்னாள். கூட்டம் அதைத் தொழில் நெறியாக எடுத்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஊர் எல்லை தாண்டிய பிறகு கை மேடம் ஜன்னலைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள். "அன்னிக்கு நான் அடுப்படியில சொன்னது..."

வாய் மேடம் குறுக்கே பேச வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். நோயாளிக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். பஸ் ஒரு பாலத்தைத் தாண்டியது.

"...சரியாத்தான் சொன்னேன். ஆனா உங்கம்மா முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது."

அரைகுறை மன்னிப்புதான். ஆனால் அரைகுறைப் பதிலுக்கும் மார்க் போடுகிற தொழில் அவளுடையது. "சரி," என்று பெருமூச்சுவிட்டுக் கைப்பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அண்ணி இரண்டு எடுத்துக்கொண்டாள்.

பழைய சிநேகிதம் திரும்ப வந்துவிட்டது என்று சொல்லமுடியாது. சினிமாவுக்குச் சேர்ந்து போவதில்லை. மனசில் இருப்பதைச் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆனால் நோயாளி என்று ஒருவர் நடுவில் இருந்தால் போதும், நேரம் போவது தெரியாமல் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான். யாருக்கு விழுங்கும்போது புரையேறுகிறது, யாருக்குத் தடிமனான கைப்பிடி வைத்த கரண்டி கொடுக்கலாம் என்று. போன வாரம் அண்ணன் வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் நிமிர்ந்து பார்த்தான். தங்கை அவன் தொண்டையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மனைவி அவன் விரல்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"முழுசா மெல்லாமலே விழுங்குறான், பார்த்தீங்களா?"

"தட்டைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாருங்க முதல்ல."

"நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றான் அண்ணன்.

அதை இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாம்பார்க் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, அவன் எப்படி எட்டி எடுக்கிறான் என்று பார்த்தார்கள்.